என் மேசை மேல் இருப்பவை



கெடாவிலிருந்து ஒரு வாசகி கடிதம் எழுதியிருக்கிறார். கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது. "ஐயா, மாதந்தவறாமல் எழுதுகிறீர்களே, எதை வைத்து எழுதுகிறீர்கள்? பேனாவா, கணினியா? கணினி என்றால் என்ன கணினி, தமிழ் அடிக்க என்ன செயலி? என் மகன் அடுத்த ஆண்டு இடைநிலைப்பள்ளிக்குப் போகிறான். கடைக்காரர் பேச்சை நம்பி மூவாயிரம் வெள்ளியைக் கொட்ட மனம் வரவில்லை" என்று கேட்கிறார்.

அரைப் பக்கத்தில் பதில் சொல்லிவிட்டு வேறு விஷயத்துக்குப் போய்விடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். எழுத உட்கார்ந்த அன்று இரவே என் கைப்பேசியில் ஒரு செய்தி வந்து சேர்ந்தது. அதனால் இம்மாதப் பக்கம் முழுவதும் இந்த ஒரு கேள்விக்கே போய்விட்டது. ஆசிரியர் அவர்கள் பொறுத்தருள வேண்டும்.

முதலில் கேள்விக்கு வருவோம். என் மடிக்கணினி 2014-இல் வாங்கியது. மூடியில் ஒரு கீறல்; முன் வீட்டுப் பையன் செய்த உபகாரம். பேட்டரி அரை மணி நேரம் தாங்கினால் அது அன்றைய அதிர்ஷ்டம். ஐந்தாறு ஆண்டுக்கு முன் அது நத்தை மாதிரி ஊர ஆரம்பித்தது. திறக்கப் போட்டுவிட்டு, அடுக்களைக்குப் போய்த் தேநீர் கலக்கிக்கொண்டு வந்தாலும் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். தூக்கிப் போட்டுவிடலாம் என்று இருந்தேன். என்னிடம் படித்த பிள்ளை ஒருவன் பட்டணத்தில் கணினி பழுது பார்க்கிறான். "சார், வண்டி நல்ல வண்டிதான், டயர் மட்டும் மாற்றுவோம்" என்றான். உள்ளே சுழலும் வன்தட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, எஸ்.எஸ்.டி. என்கிறார்களே, அசையும் உறுப்பே இல்லாத அந்தச் சில்லு வட்டைப் போட்டான். நினைவகம் நான்கு ஜிகாபைட் இருந்ததை எட்டு ஆக்கினான். இப்போது தேநீர் கலக்க நேரம் கிடைப்பதில்லை, அதற்குள் திறந்துவிடுகிறது.

அடுத்த சங்கடம் விண்டோஸ் 10. அதன் வழக்கமான ஆதரவு 14.10.2025-ஆம் நாளோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 போடலாம் என்றால், அது கேட்கும் பாதுகாப்புச் சில்லும் புதிய செயலகமும் என் கிழட்டு மாட்டிடம் இல்லை. அந்தப் பிள்ளையே லினக்ஸ் மிண்ட் என்பதைப் போட்டுக் கொடுத்தான். காசு இல்லை. எழுத, கணக்குப் போட லிப்ரே ஆஃபிஸ். அதற்கும் காசு இல்லை. பள்ளி வேலைகளில் பெரும்பாலானவை இப்போது இணைய உலாவியிலேயே நடப்பதால், டெலிமாவும் கூகள் வகுப்பறையும் இதில் குறைவின்றி ஓடுகின்றன. ஒரு குறை மட்டும் உண்டு. மேலிடத்திலிருந்து வரும் சில எக்செல் படிவங்கள் லிப்ரே ஆஃபிசில் கோணல்மாணலாகத் திறக்கும். அவற்றுக்குப் பள்ளிக் கணினியில்தான் உட்கார வேண்டும். யாரும் இதைச் சொல்லாமல் "எல்லாம் இலவசம், எல்லாம் சுகம்" என்று எழுதுகிறார்கள். ஆகவே நான் சொல்லி வைக்கிறேன்.

இடி மின்னலுக்கு ஒரு முறை என் மோடத்தைப் பலி கொடுத்திருக்கிறேன். அதுமுதல், வானம் கறுத்தால் மின்கம்பியையும் தொலைபேசிக் கம்பியையும் சுவரிலிருந்து பிடுங்கிவிடுவேன். வீட்டில் என்னைக் கேலி செய்வார்கள். செய்யட்டும்.

கைப்பேசியைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. நடுத்தர விலை, படம் எடுக்கும், பேசும். ஆனால் அது என் பாதிப் பள்ளிக்கூடமாக இருந்த காலம் உண்டு. 18.3.2020 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்ததே, நினைவிருக்கும். மேலே இருப்பவர்கள் காணொலி வகுப்பு நடத்து என்றார்கள். என் வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் வீட்டில் ஒரே ஒரு கைப்பேசி. அதுவும் தகப்பனார் சட்டைப் பையில் மலைக்காட்டுக்குப் போய்விடும். பால் வெட்டி, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு, அவர் வீடு திரும்பிக் குளித்து முடித்தால்தான் பிள்ளைக்குப் பாடம். ஆகவே நான் மாலை ஏழு மணிக்குப் புலனத்தில் குரல்பதிவாகப் பாடத்தை அனுப்பினேன். ஒரு பதிவு மூன்று நிமிடத்துக்கு மேல் போகாது. காணொலி என்றால் ஒரே நாளில் அவர்களுடைய தரவு தீர்ந்துவிடும். குரல் என்றால் ஒரு வாரம் தாங்கும். இரவு பத்து மணிக்கு ஒரு பிள்ளை வாய்ப்பாடு ஒப்பித்து அனுப்புவாள். பின்னால் அவள் அம்மா பாத்திரம் கழுவும் ஓசை கேட்கும். அந்தப் பதிவுகளை நான் அழிக்கவில்லை.

நிற்க. தமிழ் அடிப்பது எப்படி என்று கேட்டிருந்தீர்கள். அதுதான் இந்தப் பக்கத்தின் முக்கியமான சங்கதி.

நான் தமிழ் அடிக்கக் கற்றது இருபத்து நான்கைந்து வயதில். அப்போது பட்டணத்து அச்சகங்களில் 'பாமினி' என்னும் எழுத்துரு புழக்கத்தில் இருந்தது. பழைய தமிழ்த் தட்டச்சுப் பொறியின் விசை வரிசையைத் தழுவியது அது. இடக்கை விரல்கள் நடு வரிசையில் அமர்ந்தால் ய, ள, ன, க என்று விழும். வலக்கையில் த, ம, ட. கண்ணை மூடிக்கொண்டு அடிப்பேன். அந்த நாளில் எனக்கு அது பெரிய வித்தை. பள்ளியில் மற்றவர்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். தலைக்கனம் கொஞ்சம் இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அந்த வித்தைக்குள்ளே ஒரு ஏமாற்று இருந்தது. கணினிக்கு எழுத்து தெரியாது. எண் மட்டுமே தெரியும். ஆங்கிலச் சின்ன 'எம்' என்பதற்கு எண் 109. பாமினியில் நான் 'அ' அடித்தபோது கணினி எழுதி வைத்தது அந்த 109-ஐத்தான். திரையில் காட்டும் நேரத்தில் 'எம்' படத்துக்குப் பதிலாக 'அ' படத்தைக் காட்டச் சொல்லி எழுத்துரு அதை ஏமாற்றிக்கொண்டிருந்தது. 'அம்மா' என்று நான் ஆசையாக அடித்த சொல், கணினியின் வயிற்றுக்குள் 'எம், கே, அரைப்புள்ளி, கே, எச்' என்றே கிடந்தது. பாமினி இருக்கும் கணினியில் அது அம்மா. இல்லாத கணினியில் யாருக்கும் புரியாத ஆங்கிலக் கூளம்.

இப்போது நாம் அடிப்பது ஒருங்குறி, அதாவது யூனிகோடு. 1991-இல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. அதில் அகரத்துக்கு 2949, மகரத்துக்கு 2990 என்று உலகம் முழுவதற்கும் ஒரே எண். எந்த எழுத்துருவை மாற்றினாலும் 2949 அகரம்தான். அது ஒருக்காலும் 'எம்' ஆகாது. இடைக்காலத்தில், அதாவது இந்த ஒழுங்கு எல்லாக் கணினிக்கும் வந்து சேரும் வரைக்கும், ஆளுக்கொரு எழுத்துரு, ஊருக்கொரு குறியீடு என்று தமிழ் சிதறிக் கிடந்தது. அதை ஒன்றாக்கப் பாடுபட்டவர்களில் நம் பக்கத்தவர்களுக்கும் பங்கு உண்டு. சிங்கப்பூரில் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி 1997-இல் தமிழ் இணைய மாநாட்டைக் கூட்டினார். நம் மலேசியரான முத்து நெடுமாறன் முரசு அஞ்சலைத் தந்தார். 2005-இல் கைப்பேசிக்குச் செல்லினம் தந்தார். 1999-இல் சென்னையில் நடந்த மாநாட்டை ஒட்டித் 'தமிழ்99' விசைப்பலகை தரமாயிற்று.

நான் அடிப்பது இந்தத் தமிழ்99-தான். உயிரெழுத்து எல்லாம் இடக்கைக்கு, மெய்யெழுத்தில் பெரும்பாலானவை வலக்கைக்கு. ஒரே மெய்யை இரண்டு தடவை தட்டினால் முதலாவது தானே புள்ளி வைத்துக்கொள்ளும். அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டுத் தட்டினால் 'அம்மா' வந்துவிடும். பாமினி விரலை மறக்க எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. அந்த இரண்டு மாதமும் 'த' வேண்டிய இடத்தில் 'ப' விழுந்து, மாணவர் நற்சான்றிதழ்களில் விபரீதங்கள் நடந்தன. ஆனால் என் நான்காம் ஆண்டுப் பிள்ளைகள் பத்து நாளில் பழகிவிட்டார்கள். அவர்களுக்கு மறப்பதற்கு ஒன்றுமில்லையே!

பேசினால் எழுதும் வசதியும் கைப்பேசியில் வந்துவிட்டது. கூகளின் பட்டியலில் 'தமிழ் (மலேசியா)' என்று தனியாகவே இருக்கிறது. மகிழ்ச்சியோடு திறந்து, "பாசாருக்குப் போய் சாயூர் வாங்கிவிட்டு வருகிறேன்" என்று சொல்லிப் பார்த்தேன். அது எழுதியதை இங்கே போட்டால் ஆசிரியர் அவர்கள் பத்திரிகையை மூட வேண்டி வரும்.

சரி, அன்றிரவு வந்த செய்திக்கு வருகிறேன்.

அனுப்பியவர் ஜொகூர் பாருவில் தாதியாக வேலை செய்யும் ஒரு பெண். 2004-இல் என்னிடம் ஆறாம் ஆண்டு படித்தவள். செய்தியை ஏறக்குறைய அப்படியே தருகிறேன். "சார், என்னை நினைவிருக்கிறதா? நான் ஆயாக் கொட்டகைப் பாட்டியின் பேத்தி. அடுத்த மாதம் நானும் அப்பாவும் ஒரு குழுவோடு காஞ்சனாபுரி போகிறோம். பாட்டியின் அண்ணன் சயாம் ரயில் போடப் போய்த் திரும்பவில்லை. அங்கே ஓர் அகல் ஏற்றிப் பெயர் சொல்லிக் கும்பிட வேண்டும் என்று அப்பாவுக்கு ஆசை. ஆனால் பெயர் எங்கள் யாருக்கும் தெரியவில்லை. அப்பாவுக்கு 'சயாமுக்குப் போன மாமா' என்று மட்டும்தான் தெரியும். பாட்டி உங்களிடம் சொன்னதைப் பள்ளி மலரில் போட்டீர்களே, அதில் இருக்குமா சார்?"

நினைவிருக்கிறதாவாம்! எங்கள் பள்ளி 2004-இல் ஓர் ஆண்டு மலர் வெளியிட்டது. தோட்டத்து முதியவர்கள் பதினான்கு பேரைச் சந்தித்து, அவர்கள் சொன்னதை எழுதி, நானே அடித்து, அதில் சேர்த்தேன். பாட்டி லயத்து வாசலில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டே பேசியது இன்னமும் என் கண்ணில் நிற்கிறது. "எழுதிக்க வாத்தியாரே. எனக்கப்புறம் இத சொல்றதுக்கு ஆள் இல்ல" என்றார். "பாட்டி, கணினியில் ஏற்றிவிட்டால் அழியவே அழியாது" என்று நான் சொன்னேன். எவ்வளவு பெரிய பேச்சு! பாட்டி 2009-இல் காலமானார்.

அந்த மலரில் ஒரு பிரதிகூட என்னிடம் இல்லை. பள்ளிப் பண்டக அறையில் இருந்த கட்டைக் கறையான் தின்றது. பாட்டி வீட்டுப் பிரதி, தோட்டம் கைமாறி லயங்களை உடைத்த காலத்தில் சாமான்களோடு எங்கோ போய்விட்டது. அச்சிட்ட கடை மூடிப் பல ஆண்டுகள் ஆகின்றன. என் பழைய கணினியில் இருந்த கோப்பு? 2007-இல் நச்சுநிரல் புகுந்ததென்று பதறிப்போய், எதையும் படியெடுக்காமல், வன்தட்டை முழுக்கத் துடைத்துப் போட்டவன் நானேதான். வேறு யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை.

இரவு பதினொரு மணிக்கு அலமாரி மேலிருந்து பழைய ரொட்டி டின்னை இறக்கினேன். உள்ளே நான்கு நெகிழ்வட்டுகள், மூன்றரை அங்குலம். சின்னப் பிள்ளைகள் கண்டிருக்க மாட்டீர்கள். கணினியில் 'சேமி' என்று ஒரு சின்னம் இருக்கிறதே, அந்தச் சதுரப் பொருள்தான் இது. ஒன்றின் கொள்ளளவு 1.44 மெகாபைட். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு நிழற்படம் பெரும்பாலும் அதற்குள் அடங்காது. நான்கின் மேலும் '1/4, 2/4' என்று என் கையால் எழுதியிருக்கிறது. எதில் என்ன என்று எழுதும் புத்தி அன்றைக்கு இல்லை.

இதைப் படிக்கும் கருவி இப்போதைய கணினிகளில் கிடையாது. யு.எஸ்.பி.யில் செருகும் தனிக் கருவி இணையக் கடையில் கிடைக்கிறது. வாங்கிவிட்டு எட்டு நாள் காத்திருந்தேன். பெரிதாக ஒன்றும் விலை இல்லை. வந்ததும் முதலில் செய்த காரியம், ஒவ்வொரு வட்டின் மூலையிலும் இருக்கும் சின்னத் தாழ்ப்பாளைத் தள்ளித் துளை தெரியும்படி வைத்தது. துளை திறந்திருந்தால் வட்டில் எதையும் எழுத முடியாது. படிக்க மட்டுமே முடியும். உங்களிடமும் பழைய வட்டு இருந்தால் இதை மறக்கவே கூடாது. திறந்ததும் முழுவதையும் மடிக்கணினிக்குப் படியெடுத்துவிட்டு, படியை வைத்துத்தான் வேலை செய்ய வேண்டும்.

முதலாம் வட்டு திறந்தது. தலைமையாசிரியர் உரை, புரவலர் பட்டியல், மளிகைக் கடை விளம்பரம். இரண்டாம் வட்டும் திறந்தது. 'நினைவுகள்' என்ற பொருளில் நானிட்ட பெயரோடு ஒரு கோப்பு. மூன்றாம் வட்டு, கல்லில் கத்தி தீட்டுவது மாதிரி சத்தம் போட்டுவிட்டுப் படிக்க முடியவில்லை என்றது. நான்காவதின் தகட்டை நகர்த்திப் பார்த்தேன். உள்ளே வெள்ளையாகப் பூஞ்சணம். நம் ஊர் ஈரக்காற்றுக்கு அது சகஜம். அதை உள்ளே போட்டால் கருவியின் தலையும் கெட்டு, அடுத்த வட்டையும் கெடுத்துவிடும். ஆகவே போடவில்லை.

இரண்டாம் வட்டின் கோப்பைத் திறந்தேன். நான் எதிர்பார்த்ததுதான்: பக்கம் பக்கமாக ஆங்கிலக் கூளம். ஆனால் மேலே எழுத்துருப் பெட்டியில் 'பாமினி' என்று சாய்ந்த எழுத்தில் பெயர் மட்டும் நின்றது. வைத்தியர் வருவதற்குள் நோயாளி நோயின் பெயரைச் சொல்லிவிட்டமாதிரி! பழைய எழுத்துருவிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றும் செயலிகள் உண்டு. சுரதா ஆக்கிய 'பொங்கு தமிழ்', சென்னை நியூ ஹொரைசன் மீடியாவின் 'என்.எச்.எம். கன்வெர்ட்டர்' போன்றவை தமிழர்களுக்குச் செய்த உதவி கொஞ்சமல்ல. மாற்றி ஒன்றில் மொத்தத்தையும் கொட்டினேன். கண் மூடித் திறப்பதற்குள் தமிழாகக் கொட்டியது.

அதில் வேடிக்கைகளும் இருந்தன. மலரில் இடையிடையே ரோமன் எழுத்தில் மலாய்ச் சொற்களும் அடித்திருந்தேன். மாற்றிக்கு எது மலாய், எது பாமினி என்று தெரியுமா? 'லாடாங்' என்ற சொல்லை அது 'டயனயபெ' என்று மொழிபெயர்த்து வைத்திருந்தது. எங்கள் தோட்டத்தின் முகவரி முழுவதும் பில்லிசூனியக்காரன் மந்திரம்போல ஆகிவிட்டது. கௌரவம் எல்லாம் 'கெளரவம்' ஆகியிருந்தது; பழைய முறையில் ஔகாரத்தின் பின்பகுதிக்கும் ளகரத்துக்கும் ஒரே விசை.

பதினான்கு பேரில் பாட்டியைத் தேட வேண்டும். அவர் பேச்சில் மாரியம்மன் கோயில் திருவிழா வரும் என்பது எனக்கு நன்றாக நினைவு. தேடும் பெட்டியில் 'மாரியம்மன்' என்று அடித்தேன். 'எதுவும் கிடைக்கவில்லை' என்றது. மறுபடியும் அடித்தேன். இல்லை. 'ஆசிரியர்' என்று அடித்தேன். ஒரு பள்ளி மலரில் ஆசிரியர் என்ற சொல்லே இல்லையாம்!

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. பாமினியில் ர் என்பதையும் ரி என்பதையும் ரகர விசையைத் தட்டி எழுதமாட்டோம். துணைக்கால் விசையைத் தட்டி, அதன் மேல் புள்ளியோ கொம்போ வைப்போம். அச்சில் பார்க்க அதுதான் லட்சணம். எல்லா அச்சகத்திலும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். நான் பயன்படுத்திய மாற்றி அதை உள்ளது உள்ளபடியே துணைக்காலாக மாற்றிவிட்டது. கோப்பில் இருந்தது 'மாரியம்மன்' அல்ல, 'மாாியம்மன்'. கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். உற்றுப் பாருங்கள், இரண்டாவதில் ரகரமே கிடையாது, இரண்டு கால்கள் நிற்கின்றன. கணினி கண்ணால் பார்ப்பதில்லை, எண்ணால் பார்க்கிறது. ஆகவே இல்லை என்று கைவிரிக்கிறது. இணையத்தில் இன்றும் எத்தனையோ பழைய கட்டுரைகள் இப்படிக் கால் முளைத்த 'அவா்கள்'களோடு, தேடுகிறவர் கண்ணில் படாமல் கிடக்கின்றன. நல்ல மாற்றிகள் இதைத் தாமே சரி செய்கின்றன என்பதைப் பிறகு அறிந்தேன். அன்றிரவு நானே உட்கார்ந்து, காலும் கொம்பும் சேர்ந்த இடத்தை எல்லாம் 'ரி' ஆகவும், காலும் புள்ளியும் சேர்ந்த இடத்தை எல்லாம் 'ர்' ஆகவும் மாற்றச் சொன்னேன். ஆயிரத்துக்கு மேற்பட்ட இடங்கள் ஒரே தட்டில் மாறின. 'மாரியம்மன்' என்று மறுபடி தேடினேன். ஏழு இடத்தில் இருந்தது. ஐந்தாவது, பாட்டி.

திருவிழாவை விட்டுவிடுகிறேன். 1943-இல் நடந்ததாகப் பாட்டி சொன்ன பகுதியின் சாரம் இதுதான். அவருக்கு அப்போது பதினைந்து வயது, அண்ணனுக்குப் பதினெட்டு. அரிசி கிடையாது, மரவள்ளிக்கிழங்குதான். கிழங்கு வாங்கி வர அண்ணன் பக்கத்துத் தோட்டத்துக்குப் போனான். திரும்பும் வழியில், பிரட்டுக் களத்தில் லாரி நின்றது. மூன்று மாத வேலை, நல்ல சம்பளம் என்று முதலில் ஆசை காட்டி ஆள் சேர்த்தவர்கள், அதற்குள் ஆள் போதாமல் கையில் அகப்பட்டவர்களை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் கிழங்குப் பையை ஒரு சிறுவனிடம் கொடுத்து, "அம்மாக்கிட்ட குடு, பொழுதுசாய வந்துருவேன்னு சொல்லு" என்றானாம். பை வந்தது. பாட்டி சொல்கிறார்: "அந்தக் கிழங்க அம்மா அவிக்கவே இல்ல. அவன் வந்தபிறகு அவிக்கலாமுன்னு வச்சிருந்து, கறுத்துப் போச்சு."

தாய்லாந்தின் பான்போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசாயாட் வரை 415 கிலோமீட்டர் பாதை. 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். போர்க்கைதிகளாயிருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குக் கல்லறை உண்டு, கல்லில் பெயர் உண்டு. மலாயாத் தோட்டங்களிலிருந்து போன நம் ஆட்கள் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். பெரும்பாலோருக்குப் பெயர்க்கல் இல்லை.

பெயர் கிடைத்தது. ஆனால் அதிலும் அந்தப் பழைய வம்பு. முதல் இடத்தில் நான் அடித்திருந்த பெயரில், இரண்டாவதாக நிற்பது ரகரமா, முதலெழுத்தின் துணைக்காலா என்பது சந்தேகம். அவசரத்தில் ரகரத்துக்குப் பதில் கால் விசையைத் தட்டியிருக்கிறேனோ? அச்சில் யாருக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது. இரண்டு விதமாகப் படித்தாலும் அது ஒரு பெயர்தான். எண்பது ஆண்டு கழித்து அகல் ஏற்றிக் கூப்பிடப்போகும் பெயரை, வாத்தியார் குத்துமதிப்பாகச் சொல்ல முடியுமா? ரகரம் வைத்துத் தேடினேன். பாட்டி பேச்சின் கடைசிப் பத்தியில் ஓர் இடத்தில் இருந்தது. "அவன் பேரத்தான் எம் மூத்த பையனுக்கு வச்சேன். அதுவும் தங்கல." அங்கே ரகரம் சுத்தமாக இருந்தது. அந்தப் பெயரை இங்கே நான் எழுதவில்லை. அது அந்தக் குடும்பத்துக்கு உரியது.

அந்த இரண்டு பக்கத்தையும் பிழை திருத்தி அனுப்பும்போது விடியற்காலை இரண்டு மணி. காலையில் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் குரல்பதிவு ஒன்று வந்திருந்தது. அவள் ஒன்றும் பேசவில்லை. தகப்பனார் குரல்தான். அந்தப் பெயரை ஒரு முறை சொன்னார். சற்றுப் பொறுத்து, 'மாமா' என்று சேர்த்து மறுபடி சொன்னார். அவ்வளவுதான் பதிவு.

கெடா வாசகிக்கு: அம்மா, மூவாயிரம் வெள்ளி வேண்டாம். அலுவலகங்களில் பயன்படுத்திக் கழித்த மடிக்கணினிகளைச் சுத்தம் செய்து விற்கும் நம்பகமான கடையில், எட்டு ஜிகாபைட் நினைவகமும் எஸ்.எஸ்.டி.யும் உள்ளதாக, விண்டோஸ் 11 ஏற்கக்கூடியதாகப் பார்த்து வாங்குங்கள். ஆயிரம் வெள்ளியை ஒட்டிக் கிடைக்கும். பேட்டரியைக் கடையிலேயே அரை மணி நேரம் ஓட விட்டுப் பாருங்கள். மிச்சக் காசில் மேசையும் நல்ல நாற்காலியும் வாங்கலாம். பையனுக்குத் தமிழ்99 பழக்குங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொன்னது ஏதாவது எழுதி வைத்திருந்தால் ஒருங்குறியில் அடித்து, கணினியில் ஒன்று, வெளி வன்தட்டில் ஒன்று, வேறு ஊரில் இருக்கும் உறவினரிடம் ஒன்று என மூன்று படி வையுங்கள். விரலியை மட்டும் நம்பி ஆண்டுக்கணக்கில் விட்டுவிடாதீர்கள். காகிதத்திலும் ஒரு படி எடுத்துக் கறையானுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

இனி என் விண்ணப்பம். பதினான்கு பேரில் இரண்டாம் வட்டில் கிடைத்தவர்கள் எட்டுப் பேர்தான். மற்ற ஆறு பேர் மூன்றாவதிலும் நான்காவதிலும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் இரண்டு முறை அந்த ரயில் பாதைக்குப் போய்த் திரும்பியவர். ஒருவர் எங்கள் பள்ளியின் முதல் வகுப்பில் உட்கார்ந்தவர். மூன்றாம் வட்டை என் மாணவன் தன்னிடமுள்ள வேறொரு கருவியில் போட்டுப் பார்க்கிறேன் என்று வாங்கிப் போயிருக்கிறான்; இன்னும் தகவல் இல்லை. அந்த 2004-ஆம் ஆண்டு மலர், நீல அட்டை, நடுவில் பால்மரப் படம், உங்களில் யார் வீட்டு அலமாரியிலாவது இருக்கக்கூடும். இருந்தால் தபாலில் அனுப்ப வேண்டாம். 'நினைவுகள்' பகுதியின் பின்பாதியை மட்டும் வெளிச்சத்தில் வைத்துக் கைப்பேசியில் படம் எடுத்து, இந்தப் பத்திரிகையின் முகவரிக்கு, என் பெயருக்கு அனுப்புங்கள். படம் கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. நான் உட்கார்ந்து அடித்துக்கொள்கிறேன்.